எக்கோ திரையில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் மீனா?

வாசகர் கேள்வி – பதில்

நீருக்குள் ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் அளவைப் பதிவுசெய்யும் ‘எக்கோ’ போன்ற கருவிகளைப் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இவ்விதழில் சேர்த்துப் பதில் தருகிறோம். முதல் கேள்விக்கான பதிலைச் சற்று விரிவாக எழுதியிருக்கிறோம். மற்றவை அதன் மேல்தான் நிற்கின்றன.

கேள்வி: ஐயா, நான் நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். என் படகில் இருப்பது 200 கிலோஹெர்ட்ஸ் எக்கோ. பங்காளி படகில் இருப்பது 50 கிலோஹெர்ட்ஸ். அருகருகே நின்று பார்த்தாலும் இரண்டும் வெவ்வேறாகக் காட்டுகின்றன. என் திரையில் சிவப்பாகக் கிடந்த இடத்தில் மடி (இழுவலை) இழுத்தால் சில நேரம் கூனி எனும் பொடி இறால்தான் வருகிறது. எந்தக் கருவி சரியானது?

பதில்: இரண்டு கருவிகளும் தமக்குக் கேட்டதைத்தான் காட்டுகின்றன, அனுப்பும் ஒலி வேறு என்பதால் காட்சியும் வேறுபடுகிறது. படகின் அடியில் பொருத்திய டிரான்ஸ்டியூசர், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ நீடிக்கும் ஒலித்துடிப்பை அனுப்பிவிட்டு உடனே கேட்கத் தொடங்குகிறது. அந்த ஒலி, அடர்த்தியிலோ ஒலி பரவும் வேகத்திலோ நீரிலிருந்து வேறுபட்ட எந்தப் பொருளைச் சந்தித்தாலும் நாலாபக்கமும் சிதறுகிறது. அப்படிச் சிதறியதில் வந்த வழியே திரும்பி டிரான்ஸ்டியூசரை எட்டும் பங்குக்குப் பின்சிதறல் என்று பெயர். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்வதால், 40 மில்லிநொடியில் திரும்பிய எதிரொலி 30 மீட்டர் ஆழத்திலிருந்து, அதாவது மீனவர் கணக்கில் ஏறத்தாழ 16 பாகத்திலிருந்து வந்தது என்று கணக்கிடலாம். ஆழத்தை அறிவதில் சிக்கல் இல்லை. திரும்பி வந்த ஒலியின் அளவைக் கொண்டு அங்கே என்ன இருக்கிறது என்று அறிவதில்தான் சிக்கல்.

50 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3 சென்டிமீட்டர். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியினுடையது 7.5 மில்லிமீட்டர். அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளிலிருந்து எதிரொலி மிகக் குறைவாகவே திரும்பும். அந்த நிலையில் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் எதிரொலியின் செறிவு 16 மடங்காகிறது. கூனி போன்ற மெல்லிய உடல் 50 கிலோஹெர்ட்ஸுக்குப் பெரும்பாலும் புலப்படாமல் போவதும், 200 கிலோஹெர்ட்ஸில் அடர்ந்த படலமாகத் தெரிவதும் இதனால்தான். மீனின் நிலை வேறு. அதன் சதை அடர்த்தியில் நீருக்கு மிக நெருக்கமானது. எதிரொலியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுப்பையிலிருந்து வருகிறது. கத்தாழை, கூறல் மீன்களில் நெட்டி என்று தனியே எடுத்து நல்ல விலைக்கு விற்கிறார்களே, அந்தப் பைதான் அது. மத்தி, சாளைக் கூட்டங்கள் இரண்டு அதிர்வெண்ணிலும் பலமாகத் தெரிவதற்கு அதுவே காரணம். சுறாவுக்கும் திருக்கைக்கும் காற்றுப்பையே கிடையாது; ஆகவே உடலின் அளவைப் பார்த்து நாம் எதிர்பார்க்கும் எதிரொலியை அவை தருவதில்லை.

எனவே, எது சரி என்று கேட்பதைவிட இரண்டையும் சேர்த்துப் படிப்பதே பயன் தரும். 200இல் பலமாகவும் 50இல் மங்கலாகவும் தெரியும் படலம் கூனியாகவோ மிதவை உயிரிகளாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் பலமாகத் தெரிந்தால் காற்றுப்பை உள்ள மீன் என்று ஓரளவு நம்பலாம். ஆய்வுக் கப்பல்களும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன. கண்ணால் மதிப்பிடுவதற்குப் பதிலாக இரு அதிர்வெண்களின் எதிரொலி வேறுபாட்டை டெசிபெல்லில் கழித்துப் பார்க்கின்றன. டெசிபெல் கணக்கு எளியது: 3 டெசிபெல் கூடினால் செறிவு இரு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு.

இன்னொரு காரணம் ஒலிக்கற்றையின் அகலம். படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்டியூசர்கள் பலவற்றில் 50 கிலோஹெர்ட்ஸ் கற்றை 40 பாகைக்கு மேல் விரிந்திருக்கும்; 200 கிலோஹெர்ட்ஸ் கற்றை 10 முதல் 12 பாகைக்குள் குறுகியிருக்கும். 30 மீட்டர் ஆழத்தில் 10 பாகைக் கற்றை ஏறத்தாழ 5 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைப் பார்க்கிறது. 45 பாகைக் கற்றை 25 மீட்டர் விட்டத்தைப் பார்க்கிறது. பங்காளியின் திரையில் தெரிந்த கூட்டம் உங்கள் படகுக்கு நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில் 10 மீட்டர் தள்ளி இருந்திருக்கலாம். விரிந்த கற்றையில் அடித்தரையின் ஓரங்களிலிருந்து வரும் எதிரொலி சற்றுத் தாமதமாக வந்து தரையைத் தடித்துக் காட்டும். தரையை ஒட்டிக் கிடக்கும் மீன் அதற்குள் மறைந்துவிடும்.

இனி நிறத்துக்கு வருவோம். திரையில் ஒவ்வொரு நிறமும் எதிரொலியின் ஓர் அளவைக் குறிக்கிறது. எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் ‘கெயின்’ குமிழைத் திருப்பினால் மஞ்சள் சிவப்பாகும், பச்சை மஞ்சளாகும். கடலில் எதுவும் மாறியிருக்காது. கருவியைத் தானியங்கி முறையில் விட்டால் இந்த மாற்றத்தை அதுவே ஓயாமல் செய்துகொண்டிருக்கும். நேற்றைய சிவப்பையும் இன்றைய சிவப்பையும் ஒப்பிடவே முடியாது. கெயினை ஓர் அளவில் நிறுத்தி, அந்த எண்ணையும் ஆழத்தையும் மடியில் வந்ததையும் ஒரு நோட்டில் எழுதி வருவது, விலை உயர்ந்த புதிய கருவியை வாங்குவதைவிடப் பயனுள்ளது என்பது எம் உறுதியான கருத்து. ஒரு பருவம் இப்படி எழுதினால் உங்கள் கருவியின் சிவப்புக்கு உங்கள் கடலில் என்ன பொருள் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது டிரான்ஸ்டியூசரின் முகத்தை மென்மையாகத் துடைத்துப் பாசியையும் சிப்பியையும் அகற்றுங்கள். உளியோ கம்பி பிரஷோ கூடாது. அடிப்பகுதிக்குப் பூசும் பெயிண்டைத் தடிமனாக அதன் மேலும் பூசிவிடுவதும் எதிரொலியைக் குறைக்கும்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் மீன்வளம் பயிலும் மாணவி நான். ஆய்வுக் கப்பல்கள் எதிரொலியைக் கொண்டு இத்தனை டன் மீன் என்று மதிப்பிடுகின்றன. நிறத்திலிருந்து எண்ணிக்கைக்கு எப்படிப் போகிறார்கள்?

பதில்: கொள்கை எளிது: ஒரு நீர்ப்பரப்பிலிருந்து வந்த மொத்த எதிரொலியை ஒரு மீன் தரும் எதிரொலியால் வகுத்தால் மீன்களின் எண்ணிக்கை கிடைக்கும். அந்த இரண்டு அளவுகளையும் பிழையில்லாமல் பெறுவதற்குத்தான் இத்தனை பாடும்.

மொத்த எதிரொலியை அளக்கும்போது, ஒலி போய் வரும் வழியில் இழந்ததைத் திரும்பச் சேர்க்க வேண்டும். தனி மீன் ஒன்று இரு மடங்கு தொலைவுக்குப் போனால் அதன் எதிரொலி 16இல் ஒரு பங்காகக் குறையும், அதாவது 12 டெசிபெல். கற்றையை நிறைத்து நிற்கும் கூட்டத்தின் எதிரொலியோ நான்கில் ஒரு பங்காக, 6 டெசிபெல் மட்டுமே குறையும். தொலைவு கூடும்போது கற்றைக்குள் அகப்படும் மீன்களும் கூடுவதே காரணம். ஆகவே தனி மீனுக்கு ஒரு திருத்தமும் கூட்டத்துக்கு வேறொரு திருத்தமும் தேவை. இவற்றை மாற்றிப் போட்டுவிட்டு ஆழமான இடத்தில் மீன் அதிகம் என்று முடிவுகட்டுவது புதிதாகப் பயில்வோர் வழக்கமாகச் செய்யும் தவறு.

அடுத்தது கருவியின் அளவுத்திருத்தம். 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள டங்ஸ்டன் கார்பைடு உருண்டையை மெல்லிய தங்கூசியில் (நைலான் இழையில்) கட்டி, டிரான்ஸ்டியூசருக்குக் கீழே போதிய ஆழத்தில் தொங்கவிடுகிறார்கள். அந்த உருண்டை எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு எதிரொலி தரும் என்பது கோட்பாட்டுக் கணக்கிலிருந்தே தெரியும்; கருவி காட்டும் எண் அதனோடு எவ்வளவு வேறுபடுகிறதோ அதுவே கருவியின் பிழை. இறக்குவதற்கு முன் உருண்டையைச் சோப்பு நீரில் கழுவுவது வழக்கம். உலர்ந்த பரப்பில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழி ஒன்றே உருண்டையின் எதிரொலியைக் கெடுத்துவிடும். சோப்பு அதை ஒட்டவிடாது. பிறகு உருண்டையைக் கற்றையின் நடுவிலும் ஓரங்களிலும் மெல்ல நகர்த்தி அளவெடுப்பார்கள். அன்றைய நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் உடன் குறித்துக்கொள்வார்கள். காற்றும் நீரோட்டமும் அடங்கிய இடமாக இருந்தால் அரை நாளில் முடியும். இல்லையென்றால் உருண்டை ஊசலாடிக்கொண்டே இருக்கும், நாள் வீணாகும். இந்த வேலையைச் சலிப்பூட்டும் சடங்காக எண்ண வேண்டாம். 3 டெசிபெல் பிழை விட்டால் கடலில் உள்ள மீன் இரு மடங்கென்றோ பாதியென்றோ அறிக்கை எழுதுவோம்; 1 டெசிபெல் பிழையே ஏறத்தாழ 26 விழுக்காடு. அதைக் கொண்டு எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவெடுத்தால் பாதிக்கப்படுவது மீனவர் குடும்பம்.

ஒரு மீனின் எதிரொலியைப் பொறுத்தவரை, வட அட்லாண்டிக்கில் ஹெர்ரிங் மீனுக்கு 38 கிலோஹெர்ட்ஸில் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் சூத்திரப்படி, 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் ஏறத்தாழ மைனஸ் 46 டெசிபெல் தருகிறது. அதாவது, தன்மேல் படும் ஒலியின் செறிவில் 40,000இல் ஒரு பங்கைத்தான் ஒரு மீட்டர் தொலைவில் திருப்பித் தருகிறது. அந்தச் சூத்திரத்தை அப்படியே நம் மத்திக்குப் பொருத்துவது சரியாகாது. இனம், ஆழம், மீன் தலையைச் சாய்த்து நீந்தும் கோணம் ஆகிய எல்லாம் அந்த எண்ணை மாற்றும். அதனால்தான் எந்த ஒலிவழிக் கணக்கெடுப்பிலும் இடையிடையே வலை இறக்கி, வந்த மீனின் இனத்தையும் நீளத்தையும் அளந்து பார்க்கிறார்கள். 1935இல் ஆஸ்கர் சுண்ட் நார்வேக் கடலில் காட் மீன்கூட்டத்தின் எதிரொலிப் பதிவை வெளியிட்ட நாள் முதல் கருவிகள் பெரிதும் மாறிவிட்டன. வலையின் தேவை மட்டும் மாறவில்லை.

கேள்வி: திருக்காட்டுப்பள்ளியில் விவசாயம் செய்கிறேன்; பொறியியல் படித்தவன். மேட்டூர் திறந்து கல்லணைக்குத் தண்ணீர் வரும்போது முதலில் கலங்கலாக வருகிறது. ஒரு லிட்டரில் எத்தனை கிராம் வண்டல் என்பதை ஒலியால் அளக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் தண்ணீர்ப் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது.

நீரோட்டத்தை அளக்கும் டாப்ளர் கருவிகள் ஆறுகளில் பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸிலிருந்து சில மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகின்றன. அவை நீரின் வேகத்தை அறிவதே நீரில் மிதந்து வரும் துகள்களின் பின்சிதறலைக் கொண்டுதான். அந்த எதிரொலியின் அதிர்வெண் மாற்றம் வேகத்தைத் தருகிறது. அதன் அளவு வண்டலைப் பற்றிய குறிப்பைத் தருகிறது. ஆற்றைக் கலக்காமல், மேலிருந்து அடிவரை ஒரே நேரத்தில் அளக்கலாம் என்பது பெரிய வசதி.

இடர்ப்பாடு துகளின் பருமனில் இருக்கிறது. 1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.5 மில்லிமீட்டர், ஆற்று வண்டல் அதைவிட மிகச் சிறியது. இந்த நிலையில் ஒரு துகளின் எதிரொலி அதன் ஆரத்தின் ஆறாம் மடியைப் பொறுத்தது. ஒரே எடையுள்ள வண்டலில் துகள் பெரிதாகப் பெரிதாக எண்ணிக்கை மூன்றாம் மடியாகக் குறைவதால், மொத்த எதிரொலி ஆரத்தின் மூன்றாம் மடியாகக் கூடுகிறது. 0.2 மில்லிமீட்டர் மணலையும் 0.02 மில்லிமீட்டர் நுண்வண்டலையும் எடுத்துக்கொள்ளுங்கள்: எடைக்கு எடை மணலின் எதிரொலி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ஒரு லிட்டரில் 1 கிராம் நுண்வண்டல் தரும் எதிரொலியை 1 மில்லிகிராம் மணலே தந்துவிடும். நீங்கள் பார்க்கும் அந்த முதல் கலங்கல் பெரும்பாலும் களியும் நுண்வண்டலும். கண்ணுக்குப் பழுப்பாகத் தெரியும் நீர் ஒலிக்கு ஏறக்குறையத் தெளிந்த நீராகவே தோன்றக்கூடும். நான்கு நாள் கழித்து நீர் தெளிந்தாலும், ஓட்டத்தின் வேகத்தில் அடிமணல் கிளம்பினால் எதிரொலி கூடும். கண்ணும் கருவியும் எதிரெதிராகச் சொல்வது போலத் தோன்றும் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடக் கூடாது. களி அதிகமாக இருந்தால் அது ஒலியை வழியிலேயே உறிஞ்சிக்கொள்வதால் ஆழத்திலிருந்து வரும் எதிரொலி இன்னும் மங்கும். அதற்கும் திருத்தம் உண்டு.

ஆகவே வெவ்வேறு நீரளவில், வெவ்வேறு ஆழத்தில் பாட்டிலில் நீர் எடுத்து, வடிகட்டி, 105 பாகை செல்சியஸில் உலர்த்தி எடைபோட்டு, அந்த எடைகளோடு எதிரொலியை ஒப்பிட்டு உங்கள் இடத்துக்கென ஓர் உறவை வரைய வேண்டும். அந்த உறவு முசிறிக்குப் பொருந்துமா, அணைக்கரைக்குப் பொருந்துமா என்று கேட்டால், தனித்தனியே சோதிக்காமல் பொருத்தக் கூடாது என்பதே பதில். இரண்டு அல்லது மூன்று அதிர்வெண்களில் அளந்தால் துகளின் பருமனையும் ஓரளவு பிரித்தறியலாம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: கல்லணை மதகுகளுக்குக் கீழே நுரைத்து விழும் இடத்தில் அளக்காதீர்கள். அங்கே கருவிக்குக் கேட்பது காற்றுக்குமிழிகள். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி 3.3 கிலோஹெர்ட்ஸ் அளவிலும், அதில் நூறில் ஒரு பங்கு ஆரமுள்ள குமிழி 330 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் ஒத்ததிர்ந்து, தன் பருமனுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய எதிரொலியைத் தரும். குமிழிகள் அடங்கும் அளவுக்குக் கீழ்நோக்கிப் போய், கரை நேராக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பூம்புகார்க் கடலடியில் கட்டடம் தெரிகிறது என்று ஒலியால் எடுத்த சோனார் படங்களைக் காட்டுகிறார்கள். அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிவது கல்லா?

பதில்: இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பக்கவாட்டு சோனார் நூறு கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள ஒலியைத் தரையை உரசுவது போலச் சாய்வாக அனுப்புகிறது. திரும்பி வரும் அளவு மூன்றைப் பொறுத்தது: தரை எவ்வளவு கடினமானது, அலைநீளத்தோடு ஒப்பிட எவ்வளவு சொரசொரப்பானது, ஒலி எந்தக் கோணத்தில் விழுகிறது. மென்சேறு மங்கலாகத் தெரியும். சிப்பி சிதறிய மணல் பளிச்சென்று தெரியும். வழவழப்பான கற்பலகையோ ஒலியை மறுபக்கம் தள்ளிவிட்டு மங்கலாகவே தெரியலாம். சேற்றுக்குள் வாயு தேங்கியிருந்தால் மென்மையான தரையும் பாறை போல ஒளிரும்.

பளிச்சிடும் பகுதியைவிட அதன் பின்னே விழும் நிழலையே நான் அதிகம் நம்புவேன். சோனார் தரையிலிருந்து 8 மீட்டர் உயரத்தில் இழுக்கப்படுகிறது, நிழலின் நீளம் 4 மீட்டர், நிழலின் முனை சோனாரிலிருந்து 40 மீட்டரில் இருக்கிறது என்றால், பொருளின் உயரம் 8ஐ 4ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தது, அதாவது 80 சென்டிமீட்டர். நிறத்தைப் போல இது கெயினைப் பொறுத்து மாறாது. தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1991இல் பூம்புகாருக்கு அப்பால் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஒன்றைச் சோனாரில் கண்டபோதும், அதோடு நிற்காமல் முக்குளிப்பவர்களை இறக்கிப் பார்த்தார்கள். அது எக்காலத்தது, யாருடையது என்ற கேள்விகளுக்கு விடை கல்லையும் மண்ணையும் ஆய்ந்து பெற வேண்டியது. ஒலிக்கு அந்தத் திறன் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் மேல் நமக்குள்ள பற்று பெரிது. அந்தப் பற்றினாலேயே இங்கு அவசரம் கூடாது.

கேள்வி: அதிராம்பட்டினம் பகுதியில் கடற்பசு இருக்கிறது. இந்த ஒலி அதற்கும் ஓங்கிலுக்கும் (டால்பினுக்கும்) தொல்லை தராதா?

பதில்: ஓங்கில்களின் செவி ஏறத்தாழ 150 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே 50 கிலோஹெர்ட்ஸ் எக்கோ அவற்றுக்குத் தெளிவாகவே கேட்கும்; 200 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்கு வெளியே இருந்தாலும், அத்தகைய கருவிகள் சில அதற்குக் கீழான அதிர்வெண்களிலும் சிறிதளவு ஒலியைக் கசியவிடுவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். கற்றை கீழ்நோக்கிக் குறுகியது என்பதாலும், உயர் அதிர்வெண் விரைவில் தேய்வதாலும் சில நூறு மீட்டருக்கு அப்பால் பாதிப்பு வெகுவாகக் குறையும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே நங்கூரமிட்டு நிற்கும்போது எக்கோவை அணைத்து வைப்பது எந்தச் செலவும் இல்லாத நல்ல பழக்கம். படகு மோதலும் வலையில் சிக்குவதுமே கடற்பசுவுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: பழையாற்றில் இருக்கிறோம். என் கருவியில் ‘உப்புநீர் – நன்னீர்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது எதில் வைக்க வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. கடல்நீரில் உள்ள மக்னீசியம் சல்பேட்டு 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியைப் பெரிதும் உறிஞ்சும். நம் கடலின் வெப்பத்தில் இந்த இழப்பு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 90 டெசிபெல். நன்னீரில் 10க்கும் கீழே. 50 கிலோஹெர்ட்ஸில் கடல்நீரிலேயே 10 டெசிபெல் அளவுதான். ஒலியின் வேகமும் நன்னீரில் 2 முதல் 3 விழுக்காடு குறைவு என்பதால், உப்புநீர்த் தேர்வில் வைத்த கருவி நன்னீரில் 10 மீட்டர் ஆழத்தை 20, 30 சென்டிமீட்டர் கூட்டிக் காட்டக்கூடும். முகத்துவாரத்தின் மணல்திட்டைத் தாண்டும்போது அந்த அளவு படகின் அடியைத் தட்டப் போதுமானது. வெள்ளக்காலத்தில் ஆற்றுக்குள் நன்னீரிலும், திட்டைக் கடந்து கடல் நீலமானதும் உப்புநீரிலும் வையுங்கள். இடைப்பட்ட பகுதியில் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் கிடக்கும். அந்த எல்லையே திரையில் மெல்லிய கோடாகத் தெரியலாம். அதை மீன் என்று எண்ணி வலையை இறக்க வேண்டாம். திட்டைத் தாண்டும் வரை நன்னீர்த் தேர்விலேயே விட்டுவைப்பது நல்லது. அது ஆழத்தைக் குறைத்துக் காட்டும், கூட்டிக் காட்டாது.